ஐம்பத்தைந்து நிமிட வானம்

பருத்திக்கோட்டையிலிருந்து சங்குமுனைக்கு வான்வழியில் இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஐம்பத்தைந்து நிமிடம் என்று இரண்டு ஊர் விமான நிலையங்களிலும் நீலப் பலகையில் எழுதியிருந்தது. இரண்டு பக்கமும் விசிறி சுற்றும் அந்த எழுபத்திரண்டு இருக்கை விமானம் காலை எட்டு பத்துக்குப் பருத்திக்கோட்டையில் கிளம்பி ஒன்பது ஐந்துக்குச் சங்குமுனையில் இறங்குவதும், இங்கே அரைமணி நேரம் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பிப் போவதும் பதினோரு வருடமாக மாறாமல் நடந்ததால், சங்குமுனைப் பெண்கள் அந்தச் சத்தத்தை வைத்தே உலை வைத்தார்கள், பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்தார்கள். அப்படியிருக்க, புரட்டாசி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை விமானம் ஒன்பது நான்குக்கு இறங்கியது.

சங்குமுனை கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்த ஜெசிந்தா, ஒன்பது நான்கு என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, பருத்திக்கோட்டைக் கோபுரத்துக்கு நேரடித் தொலைபேசியில் சொன்னாள். அந்தப் பக்கம் இருந்தவர் மாசிலாமணி. விமானம் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து இருவரும் தினம் நான்கு தடவை பேசிக்கொள்வார்கள். புறப்பட்டது, இறங்கியது, புறப்பட்டது, இறங்கியது, அவ்வளவுதான். நடுவில் எப்போதாவது மழை, எப்போதாவது ஜலதோஷம். அவருடைய மனைவி இறந்துபோன வாரம் வேறொரு குரல் பேசியதும், அதற்கடுத்த வாரம் அவர் குரல் கொஞ்சம் தேய்ந்து திரும்பி வந்ததும் ஜெசிந்தாவுக்கு ஞாபகம் இருந்தது. நேரில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

“பின்காத்து நல்லா இருந்திருக்கும், மேடம்” என்றார் மாசிலாமணி.

“இருக்கும், சார்” என்றாள் ஜெசிந்தா.

புதன்கிழமை ஐம்பத்து மூன்று நிமிடம் ஆனது. வியாழக்கிழமை ஐம்பத்திரண்டு. விமானத்தை ஓட்டிய கேப்டன் இன்பவல்லி, இருபது வருடமாக வானத்தில் இருப்பவர், எஞ்சினைச் சோதித்தார், கடிகாரத்தைச் சோதித்தார், தன் கண்ணையும் சோதித்துப் பார்த்துக்கொண்டார். எல்லாம் சரியாக இருந்தது. வேகம் கூடவில்லை, காற்று தள்ளவில்லை. நடுவில் இருக்கவேண்டிய வானம்தான் நாளுக்கு ஒரு நிமிடம் குறைந்துகொண்டு வந்தது.

பத்தாம் நாள் பயணிகளுக்கும் தெரிந்துவிட்டது, ஏனென்றால் பணிப்பெண் பதினைந்தாம் வரிசைக்குத் தேநீர் கொண்டு வருவதற்குள் சக்கரம் தரையில் பட்டது. மறுநாள் அவள் கடைசி வரிசையிலிருந்து ஆரம்பித்தாள். அப்போது முன்வரிசைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மீன்கூடையோடு பருத்திக்கோட்டைக்குப் பறந்துபோய் விற்றுவிட்டு அதே விமானத்தில் மறுநாள் திரும்பும் ரோணிக்கம் என்ற பெண்மணிதான் அதைத் தீர்த்து வைத்தாள். “ஒத்தைப்படை தேதியில முன்னாடி உள்ளவங்க குடிங்க, ரெட்டைப்படையில பின்னாடி உள்ளவங்க குடிங்க. எனக்கு ஐஸ் உருகாம இருக்கு, அது போதும்” என்றாள்.

தலைமை அலுவலகம் இதை ரசிக்கவில்லை. கால அட்டவணையில் ஐம்பத்தைந்து நிமிடம் என்று இருப்பதால் விமானம் ஐம்பத்தைந்து நிமிடம் பறந்தே தீரவேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. அதனால் நான்கு நாள் கேப்டன் இன்பவல்லி சங்குமுனைக்கு மேலே வந்துவிட்டு, மிச்சமிருந்த நேரத்துக்கு ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார். சந்தியாகப்பர் கோயில் கோபுரத்தை ஒரு தடவை, உப்பளத்தை ஒரு தடவை, கலங்கரை விளக்கத்தை ஒரு தடவை. கீழே வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் ஜன்னலில் தெரிந்த சொந்தக்காரர்களுக்குக் கைகாட்டினார்கள், உள்ளே இருந்தவர்கள் தங்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி காய்வதைப் பார்த்து மழை வருகிறது எடு எடு என்று சைகை செய்தார்கள். எரிபொருள் கணக்கைப் பார்த்ததும் தலைமை அலுவலகமே உத்தரவைத் திரும்பப் பெற்றது.

இருபத்து நான்காம் நாள் அளவுக்கருவிகளோடு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். தரையில் நேர்கோட்டில் அளந்தால் இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் அப்படியே இருந்தது, பேருந்துக்கு ஒன்பது மணி நேரம் அப்படியே ஆனது. வானத்தில் மட்டும் அவர்கள் முப்பத்தொரு நிமிடத்தில் வந்து சேர்ந்தார்கள். ‘மேலும் ஆய்வு தேவை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ரோணிக்கத்திடம் ஆளுக்கு ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொண்டு பேருந்தில் போய்விட்டார்கள்.

அதற்குள் வானத்தில் போகிற எல்லாவற்றுக்கும் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. கடற்காகங்கள் மத்தியானத்தில் பருத்திக்கோட்டைப் பஞ்சுக்கிடங்கின் தகரக்கூரையில் வந்து உட்கார்ந்தன, பருத்திக்கோட்டைக் கொக்குகள் சங்குமுனைக் கரையில் இறால் பொறுக்கின. வெடித்த காயிலிருந்து கிளம்பிய பஞ்சு காற்றில் மிதந்து போய் வலைகளின் மேல் படிந்தது, மீனவர்கள் அதைத் தட்டிவிட்டுக் கடலுக்குப் போனார்கள். பருத்திக்கோட்டை மைதானத்தில் நூல் அறுந்த ஒரு காற்றாடி சங்குமுனைத் தபாலாபீஸ் வாசலில் விழ, போஸ்ட்மாஸ்டர் அதை மடக்கி, உறையில் போட்டு, முகவரி தெரியாததால் ‘காற்றாடிக்காரர், பருத்திக்கோட்டை’ என்று எழுதி அனுப்பினார். மூன்று பேர் உரிமை கோரினார்கள்.

பெண் கொடுக்க ரொம்ப தூரம் என்று நின்றுபோன சம்பந்தங்கள் மறுபடியும் பேசப்பட்டன. பதினெட்டு நிமிடத்தில் இருக்கிற ஊரை எப்படித் தூரம் என்று சொல்வது? ஐப்பசிக்குள் ஏழு கல்யாணம் நிச்சயமானது. சங்குமுனை வீடுகளில் எருமைத்தயிர் புளிக்காமல் வந்து இறங்கியது. பருத்திக்கோட்டையில், பிறந்ததிலிருந்து உயிர்மீனைப் பார்க்காத குழந்தைகள், வாளிக்குள் துள்ளுகிற கெளுத்தியை வட்டமாக நின்று பார்த்து, அது ஒவ்வொரு தடவை துள்ளும்போதும் ஓவென்று கத்தினார்கள்.

எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், ஆனால் பத்து நிமிடத்துக்குக் கீழே இறங்கியதும் ஒரு கேள்வி முளைத்தது. பூஜ்யம் ஆனால் என்ன ஆகும்? பருத்திக்கோட்டைப் பஞ்சுச் சங்கக் கட்டடத்தில் இரண்டு ஊர்க்காரர்களும் கூடினார்கள். இரண்டு ஊரும் இடித்துக்கொள்ளும் என்றார் ஒரு டீக்கடைக்காரர். கடல் உள்ளே வந்துவிடும் என்றார் இன்னொருவர். கோயில் தர்மகர்த்தாவும் பங்குச் சாமியாரும், வருவது வரட்டும், வரும்போது நாம் சாப்பாடு போட்டு வரவேற்பதுதான் மரியாதை என்று ஒரே வார்த்தையில் நின்றார்கள். அதன்படி ஐம்பத்தைந்தாம் நாளான ஞாயிற்றுக்கிழமை பூஜ்யத் திருநாள் என்று தீர்மானமாயிற்று. பருத்திக்கோட்டை விமான நிலையத்துக்கு வெளியே ஐயாயிரம் பேருக்குப் பந்தல் போட்டார்கள். சந்தையிலிருந்து அரிசியும் காய்கறியும் வந்து மலையாகக் குவிந்தன, அண்டாக்கள் வந்தன, நாதஸ்வரத்துக்கும் பேண்டு வாத்தியத்துக்கும் சொல்லியாயிற்று.

தூரம் குறையக் குறைய ஜெசிந்தாவுக்கு மட்டும் பேச்சும் குறைந்தது. புறப்பட்டது என்று மாசிலாமணி சொல்லி வைப்பதற்குள் இறங்கியது என்று அவள் சொல்லவேண்டியிருந்தது.

“ஞாயித்துக்கிழமை திருநாளுக்கு வர்றீங்கதானே, மேடம்?” என்று ஒருநாள் அவர் கேட்டார்.

“கோபுரத்துல ஆள் இருக்கணுமே, சார்.”

“ரெண்டு ஊரும் ஒட்டிப்போன பிறகு எதுக்கு ரெண்டு கோபுரம்?”

முப்பத்தாறு வயதில், ஒரு குரலுக்கு முகம் வந்துவிடுமே என்று பயப்படுவது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விமானம் இரண்டு நிமிடத்தில் வந்தது. அதே வெள்ளிக்கிழமை, வடக்கே போய்விடும் என்று நினைத்திருந்த புயல் திரும்பிச் சங்குமுனையைப் பார்த்து நின்றது. சங்குமுனை மூன்று பக்கம் கடல் சூழ்ந்த ஊர். நான்காவது பக்கத்தில் உப்பாறு. சாயங்காலத்துக்குள் ஆற்றுப்பாலம் மூழ்கிவிட்டது. சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கடல் ஊருக்குள் ஏறும், தென்னை உயரத்துக்கு அலை வரும் என்று வானொலி சொன்னது. ஊரில் மூவாயிரத்து இருநூறு பேர் இருந்தார்கள். சாலை இல்லை, படகு இறக்க முடியாது. ஒரே ஒரு விமானம் இருந்தது.

விடிவதற்கு முன்பே ஜெசிந்தா பருத்திக்கோட்டையை அழைத்தாள். “சார், இன்னைக்கு எவ்வளவு?”

“ஒரு நிமிஷம். கேப்டன் இப்பவே ஏறி உக்காந்துட்டாங்க.”

“அப்போ எல்லாரையும் கொண்டு வந்துடலாம்.”

“கொண்டு வாங்க. பந்தல் இருக்கு, அடுப்பு இருக்கு. ஒரு நாள் முன்னாடி திருநாள், அவ்வளவுதான்.”

ஐந்தரை மணிக்கு முதல் நடை புறப்பட்டது. மடியில் குழந்தை, குழந்தை மடியில் கோழிக்குஞ்சு என்று எழுபத்தைந்து பேர், எண்பது பேர் ஏறினார்கள். சக்கரம் மேலே எழும்பியது, ஜன்னலில் சாம்பல்நிறக் கடல் ஒருமுறை சாய்ந்தது, அது நிமிர்வதற்குள் கீழே செம்மண் தெரிந்தது. அறுபது நொடி. அங்கே எஞ்சினை நிறுத்தாமலே ஆட்களை இறக்கி, இங்கே எஞ்சினை நிறுத்தாமலே ஆட்களை ஏற்றினார்கள். இரண்டாம் நடையில் ஐம்பத்தொன்பது நொடி ஆனது. மூன்றாம் நடையில் ஐம்பத்தெட்டரை. நாளுக்கு ஒரு நிமிடம் குறைந்துவந்த தூரம், அன்றைக்கு நடைக்கு நடை குறைந்தது, அவசரம் அதற்கும் தெரிந்துவிட்டதுபோல.

காற்று ஏறிக்கொண்டே போனது, நடைகளும் ஏறிக்கொண்டே போயின. ரோணிக்கம் ஓடுதளத்தின் ஓரத்தில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நின்று, “எலே சூசை, அந்த டிவிப்பெட்டியைக் கீழ வை! அது எடத்துல ரெண்டு பிள்ளை உக்காரும்” என்றும், “பயப்படாத தாயி, கண்ணை மூடித் திறந்தா பருத்திக்கோட்டை” என்றும் கத்திக் கத்தி ஆட்களை ஏற்றினாள். கடைசியில் அவள் தொண்டையிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. அந்தப் பக்கம் பந்தலில் தவில்காரர்கள், ஒரு நாள் முன்பே வந்துவிட்டோமே என்று, ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் வாசித்தார்கள். புயலிலிருந்து நனைந்து நடுங்கி இறங்கியவர்கள் நாதஸ்வரத்தில் மல்லாரி கேட்டு, மாலை போட்டுக்கொண்டு, என்ன நடக்கிறது என்று தெரியாமலே சிரித்தார்கள். கையில் சுடச்சுட இலைச்சோறு வந்ததும் அழுதார்கள்.

மத்தியானத்துக்குள் முப்பது நொடி. மூன்று மணிக்குப் பன்னிரண்டு. கேப்டன் இன்பவல்லி சாப்பிடவில்லை, எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொன்றாம் நடை முடிந்து, காலியான விமானம் சங்குமுனைக்குத் திரும்பி வந்து இறங்கியபோது ஐந்து மணி. அந்த நேரத்தில் கோபுரத்தின் மேற்குக் கண்ணாடி உடைந்து உள்ளே விழுந்தது. ஓடுதளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மிச்சம் எழுபத்தொன்பது பேர், ரோணிக்கத்தோடும் தீயணைப்புக்காரர்களோடும் ஜெசிந்தாவோடும் சேர்த்து.

எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு, கையில் சின்ன வயர்லெஸ்ஸோடு ஜெசிந்தா விமானி அறைக்குள் போனாள். கேப்டன் இன்பவல்லி கையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தூக்க முடியாது, மேடம்” என்றார் அமைதியாக. “இந்தக் காத்துல சக்கரம் தரையை விட்டா, கவுத்துப் போட்டுடும்.”

பின்னால் ஒரு குழந்தை அழுதது. ஓடுதளத்தின் கிழக்கு முனையில், தடுப்புச்சுவருக்கு மேலே, அலை வெள்ளையாக எழும்பி விழுவது தெரிந்தது. ஜெசிந்தா வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுபோனாள்.

“பருத்திக்கோட்டை, போன நடை எவ்வளவு?”

“ஒரு நொடி” என்றது மாசிலாமணியின் குரல். “ஒரு நொடிகூட இல்ல. ஏன்?”

“அப்போ இந்த நடை?”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

“அப்படி ஒண்ணு விதியில இல்ல, ஜெசிந்தா” என்றார். மேடம் என்பது எங்கோ காற்றில் போயிருந்தது.

“இந்த ரெண்டு மாசத்துல எது விதியில இருந்துச்சு?”

பிறகு அவர் சொன்னார், வழக்கமான குரலில், ஓர் எழுத்துகூடப் பிசகாமல்: “பருத்திக்கோட்டை ஓடுதளத்துல யாரும் இல்ல. பாதை உங்களுக்குத்தான். வாங்க.”

ஜெசிந்தா கேப்டனைப் பார்த்தாள். “தூக்க வேண்டாம், கேப்டன். ஓட்டுங்க. நேரா ஓட்டுங்க.”

“ஓடுதளம் முடிஞ்சா கடல்.”

“முடியாது. இன்னைக்கு அது முடியாது. அந்தப் பக்கம் தொடரும்.”

கேப்டன் இன்பவல்லி அவளை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். பிறகு கையை மடியிலிருந்து எடுத்தார். எஞ்சின் உறுமியது, சக்கரங்கள் தண்ணீரை இரண்டு பக்கமும் சுவராக எழுப்பின, விமானம் காற்றில் தோளைச் சாய்த்துக்கொண்டு ஓடியது. பின்னால் ரோணிக்கம் இல்லாத குரலில் ஜெபமாலை சொல்ல, எழுபது பேர் அவளுக்காகச் சத்தமாகச் சொன்னார்கள். கோபுரம் பின்னால் போனது, காற்றின் திசை காட்டும் துணிப்பை கிழிந்து தொங்கும் கம்பம் பின்னால் போனது, கடைசி விளக்குகள் வந்தன, தடுப்புச்சுவர் வந்தது, சுவருக்கு மேல் ஓர் அலை எழுந்து நின்றது. கேப்டன் மூக்கைத் தூக்கவில்லை, ஜெசிந்தா கண்ணை மூடவில்லை. அந்த அலை இருந்த இடத்தில் செம்மண் இருந்தது, சக்கரத்துக்கு அடியில் தண்ணீர்ச் சத்தம் நின்று உலர்ந்த தார் சத்தம் கேட்டது, இரண்டு பக்கமும் வெள்ளையாகப் பருத்தி வெடித்து நின்றது, தூரத்தில் யாரோ தவிலை ஓங்கி அடித்தார்கள்.

கூடவே வந்த கொஞ்சம் புயலும் பருத்திக்கோட்டையில் இறங்கியது. கால்மணி நேரம் உப்புமழை பெய்தது. ஊர்க்காரர்கள் நாக்கை நீட்டி ருசி பார்த்தார்கள்.

விமானம் நின்று படிக்கட்டு இறங்கியதும், கோபுரத்திலிருந்து ஒருவர் குடையை விரிக்க மறந்து, கையில் பிடித்தபடியே ஓடி வந்தார். ஜெசிந்தா நினைத்திருந்ததைவிடக் குள்ளமாக, காதோரம் நரைத்து, சட்டையில் பேனா மை கசிந்து இருந்தார். எதிரெதிரே நின்றார்கள்.

“கேக்குதா?” என்றார் மாசிலாமணி கடைசியில், வயர்லெஸ் பழக்கத்தில்.

“தெளிவா கேக்குது” என்றாள் ஜெசிந்தா. சிரிக்க ஆரம்பித்தவளுக்கு, நனைந்த முகத்தோடு நின்று வெகுநேரம் சிரிப்பு நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் கடல் சங்குமுனைக்குள் ஏறியது. இருநூறு வீடுகளையும், கோபுரத்தின் பாதியையும், கரையில் இருந்த படகுகளையும் எடுத்துக்கொண்டது. ஓர் ஆளைக்கூட எடுக்கவில்லை.

அடுத்த மூன்று நாளும் பருத்திக்கோட்டை வீடுகளில் படுக்க இடமில்லை; பஞ்சுக்கிடங்கில் பஞ்சின் மேலேயே குடும்பம் குடும்பமாகத் தூங்கி, காலையில் தலைமுடியில் வெள்ளையோடு எழுந்தார்கள். ஜெசிந்தா மாசிலாமணியின் அக்கா வீட்டில் தங்கினாள். பெயர் எழுதுவதும் மருந்து பிரிப்பதும் சோறு போடுவதுமாக இருவரும் ஒரே பந்தியில் எதிரெதிர் வரிசையில் வாளி தூக்கினார்கள். சாம்பார், ரசம் என்பதைத் தவிர வேறு ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. சங்குமுனை ஓடுதளம் மணலில் புதைந்திருந்ததால் விமானம் போக முடியாது. நான்காம் நாள் பாலத்தில் தண்ணீர் வடிந்ததும், அறுபது பேருந்துகளிலும் லாரிகளிலும் சங்குமுனைக்காரர்கள் கிளம்பினார்கள். பருத்திக்கோட்டைக்காரர்கள் ஐந்நூறு பேர், யாரும் கூப்பிடாமலே, மண்வெட்டியோடு ஏறிக்கொண்டார்கள். சாலை அதே ஒன்பது மணி நேரச் சாலைதான்.

மாசிலாமணி பேருந்து நிலையத்துக்கு வந்தார். என்னவோ சொல்ல வந்தவர், “போய்ச் சேந்ததும் சொல்லுங்க” என்று மட்டும் சொன்னார்.

மணலை அள்ளப் பன்னிரண்டு நாள் ஆனது. பதின்மூன்றாம் நாள், ஓடுதளத்து ஓரம் தார்ப்பாய் கட்டி, அதற்குக் கீழே மேசையும் தொலைபேசியும் வயர்லெஸ்ஸும் வைத்து, ஜெசிந்தா உட்கார்ந்தாள். ஊரே வந்து சுற்றி நின்றது, ஏனென்றால் அன்றைக்கு விமானம் எத்தனை நிமிடத்தில் வரும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

தொலைபேசி அடித்தது. புதிதாக ஒரு பெண்குரல். “சங்குமுனை, எட்டு பத்துக்குப் புறப்பட்டாச்சு.”

“மாசிலாமணி சார் எங்க?”

“லீவுங்க. ஒரு வாரம். அந்த ஃபிளைட்லதான் வர்றார். ஜன்னலோர சீட்டு கேட்டு வாங்கினார். வேட்டியெல்லாம் கட்டிருக்கார்” என்றது அந்தக் குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஜெசிந்தா ரிசீவரை வைத்தாள். எட்டு பதினொன்றுக்கு எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். வானம் காலியாக இருந்தது. எட்டு இருபதுக்குக் கழுத்து வலித்தவர்கள் உட்கார்ந்தார்கள். எட்டரைக்கு, பழைய தூரம் திரும்பிவிட்டது என்று ஒருவர் சொல்ல, ஆமாம் என்று நாலு பேர் பெருமூச்சு விட்டார்கள். தயிர் இனிமேல் புளித்துத்தான் வரும் என்றாள் ஒருத்தி. பதினோரு வருடமாக ஒருநாளும் பதறாமல் விமானத்துக்குக் காத்திருந்த ஜெசிந்தா, கடிகாரத்தைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். முள் ஒட்டிக்கொண்டுவிட்டதோ என்று அதைத் தட்டினாள்.

“என்னடி, இந்தக் காத்துலயும் உனக்கு இப்படி வேர்க்குது?” என்றாள் ரோணிக்கம், திரும்பி வந்திருந்த கரகரத்த குரலில். தன் முந்தானையை எடுத்து அவள் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

எட்டு ஐம்பதுக்கு வயர்லெஸ் இரைந்தது. கேப்டன் இன்பவல்லி. “சங்குமுனை, இன்னும் எழுபது கிலோமீட்டர். எல்லாம் பழையபடி, மேடம். அம்பத்தஞ்சு நிமிஷம் முழுசா ஆகும். தரையிறங்க அனுமதி வேணும்.”

ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தது. ஜெசிந்தா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். காற்று வீசும் திசையைச் சொன்னாள், அதன் வேகத்தைச் சொன்னாள், ஓடுதளம் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னாள், தரையிறங்கலாம் என்று சொன்னாள். அதோடு பேச்சை முடிக்கவேண்டும் என்பது விதி. அவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“கேப்டன்” என்றாள், “கொஞ்சம் சீக்கிரம் வாங்க.”